ஐந்து வோல்ட்டைத் தாங்கும் கால்

வாருங்கள் அம்மா, உட்காருங்கள். அந்த மேசைப் பக்கம் மட்டும் போக வேண்டாம். பட்டுப்புடவை கட்டியிருக்கிறீர்கள்; பட்டு உரசினால் உடம்பில் மின்சாரம் தேங்கும். உங்களுக்கு அது தெரியாது. ஆனால் உங்கள் விரல் பட்டால் அந்தத் தட்டில் இருக்கும் சிப்புகளில் ஒன்று செத்துப்போகும். சாகும்போது சத்தம் போடாது, புகையாது. வெளியே பார்த்தால் நன்றாகவே இருக்கும். இந்த நாற்காலியில் உட்காருங்கள், இது பாதுகாப்பானது.

எங்கள் முதலாளி சென்னியப்பன் சார் இப்போதுதான் போனில் சொன்னார். "மேடம், காங்கயத்துல இருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்திருக்காங்க. நம்ம கோகிலவாணியப் பத்தி விசாரிக்கோணுமாம். உங்களுக்குக் கீழ வேலை செய்யற புள்ளை, நீங்களே சொல்லிப்போடுங்க" என்றார். சரி என்றேன். நீங்கள் மாப்பிள்ளைக்குச் சொந்த அத்தை, அப்படித்தானே? அண்ணன் மகன். ஓசூரில் வேலை. கல்யாணம் ஆனதும் பெண்ணை ஓசூருக்கே அழைத்துப்போய்விடுவாரா? ஓ, முதலில் காங்கயத்தில் பெரிய வீட்டில் கொஞ்ச காலம். நல்லது.

விசாரிக்க வந்ததை நான் தவறாக நினைக்கவில்லை. பெண் வேலை செய்யும் இடத்தில் விசாரித்தால்தான் உண்மை தெரியும். வீட்டுக்குள் எல்லாப் பெண்களும் தங்கம்தான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கோகிலவாணி நல்ல பெண். அவளைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் எதுவும் கிடையாது. நான் யாரைப் பற்றியும் குறை சொல்கிறவள் அல்ல. இந்தக் கம்பெனியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அளந்து பார்க்காமல் எதையும் சொல்ல மாட்டேன். அளந்ததைக் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். நான் படித்த படிப்பு அப்படி. நீங்கள் கேட்பதற்குப் பதில் சொல்கிறேன். முடிவு உங்களுடையது.

இங்கே என்ன வேலை என்றா கேட்டீர்கள்? உங்களுக்குப் புரிகிறபடி சொல்கிறேன். உங்கள் வீட்டில் எண்ணெய் மில்லோடு தோட்டமும் இருக்கும் அல்லவா? சொட்டுநீர் போட்டிருப்பீர்கள். போர்வெல் மோட்டார் தள்ளுகிற தண்ணீரை நேராகச் சொட்டுநீர்க் குழாயில் விட்டால் என்ன ஆகும்? குழாய் பிய்த்துக்கொண்டு போகும். அதனால் நடுவில் வால்வு வைக்கிறீர்கள். நான் செய்வதும் அதுதான், தண்ணீருக்குப் பதில் மின்சாரம். திருப்பூர்ச் சாயப்பட்டறை இயந்திரங்களுக்குக் கன்ட்ரோல் போர்டு செய்கிறோம். மோட்டாருக்கு நானூற்றுப் பதினைந்து வோல்ட். சூட்டையும் தண்ணீர் மட்டத்தையும் பார்க்கிற சென்சாருக்கு இருபத்து நான்கு. எண்கள் தெரிகிற டிஸ்ப்ளேவுக்கு ஐந்து. இவை அனைத்தையும் யோசித்து நடத்துகிற சிப்புக்கோ வெறும் மூன்று புள்ளி மூன்று. எல்லாம் ஒரே பெட்டிக்குள். மாமனார், மாமியார், நாத்தனார், புது மருமகள் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பது மாதிரி. யாரை யாரோடு நேராகப் பேசவிடக் கூடாது என்று தெரிந்துவைத்திருப்பதுதான் என் தொழில்.

அதற்கென்று ஒரு பொருள் உண்டு. ஆப்டோகப்ளர் என்று பெயர். இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் கம்பித் தொடர்பே இருக்காது. இந்தப் பக்கம் ஒரு சின்ன விளக்கு எரியும்; அந்தப் பக்கம் வெளிச்சத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளும். செய்தி போகும், அடி போகாது. இன்னும் பல வழிகள் இருக்கின்றன. இருபத்தைந்து வருடமாக நான் சின்ன வோல்ட்டைப் பெரிய வோல்ட்டிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் அம்மா. வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

கோகிலவாணியா? அவள் எனக்கு உதவி. போர்டில் பாகங்களை ஈயக்கம்பியால் பற்றவைப்பாள், சோதிப்பாள், போர்டு திரும்பி வந்தால் என்ன குறை என்று பார்ப்பாள். சிப்பின் முதுகில் இருக்கும் எண்ணை அவள் படித்துச் சொல்வாள், நான் சரிபார்ப்பேன். இப்போது எல்லாவற்றையும் எள்ளளவுக்குச் செய்கிறார்கள், எழுத்து அதைவிடச் சின்னது. லென்ஸ் வைத்தாலும் யாருக்கும் தெரியாது. அவளுக்கு வெறும் கண்ணிலேயே தெரியும். அது வயது. வயதைத் திறமை என்று சொல்ல முடியாது அல்லவா?

மதியம் எனக்கும் சேர்த்துச் சாப்பாடு கொண்டுவருவாள். அவள் அம்மா மில்லுக்குப் போகிறவர், அதனால் இவளே காலையில் எழுந்து செய்வதுதான். சாயங்காலம் என்னைத் தன் வண்டியில் வீட்டில் விட்டுவிட்டுத்தான் போவாள். எனக்கு வண்டி ஓட்டத் தெரியும். இருட்டினால் பிடிப்பதில்லை, அவ்வளவுதான். எதிரே வருகிறவர்கள் யாரும் விளக்கைத் தாழ்த்துவதே இல்லை. ஆக, வேலையில் குறையே இல்லை. எழுதித் தரச் சொன்னால் எழுதித் தருகிறேன்.

நடத்தையா? பத்தரைமாற்று. நான் எதையும் பார்த்ததில்லை. கூரியர்க்காரர் ஒருவர் பாகங்கள் கொண்டுவருவார். கையெழுத்துப் போட்டு வாங்க இவள்தான் வாசலுக்குப் போவாள். சில நாள் சிரிப்புச் சத்தம் கேட்கும். நான் எட்டிப் பார்க்கிற பழக்கம் இல்லாதவள். பார்த்திருந்தால் அதில் ஒன்றும் இல்லை என்று உங்களுக்கு உறுதியாகச் சொல்லியிருப்பேன். பார்க்காததை எப்படிச் சொல்வது? நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

குணத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். பெரியவர்களிடம் அடக்கமாக இருப்பாளா என்கிறீர்கள். அதற்கு ஆம் என்றும் இல்லை என்றும் ஒரே வார்த்தையில் பதில் சொன்னால் அது அநியாயம். போன ஆனி மாதம் நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே எடை போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனியில் நாங்கள் ஒரு புது சிப்புக்கு மாறினோம். நான் சொன்னேனே, மூன்று புள்ளி மூன்று வோல்ட். பக்கத்தில் பழைய டிஸ்ப்ளே, ஐந்து வோல்ட். இரண்டும் பேசிக்கொள்ள ஒரு கம்பி வேண்டும். சாதாரணமாக நடுவில் லெவல் ஷிஃப்டர் என்று ஒரு பாகம் வைப்பார்கள். ஐந்தை மூன்றாக இறக்கிக் கொடுக்கும். ஆனால் இந்த சிப்பைச் செய்தவர்கள் தங்கள் புத்தகத்தில் தெளிவாகப் போட்டிருந்தார்கள்: இந்தக் கால் ஐந்து வோல்ட்டைத் தாங்கும் என்று. சிப்பின் ஓரத்தில் கம்பி கம்பியாக நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதைக் கால் என்போம். தாங்கும் என்று செய்தவனே சொல்லும்போது நடுவில் ஒரு ஆள் எதற்கு? நேராக இணைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். ஒரு பாகம் மிச்சம். சாருக்குச் சந்தோஷம்.

டீ குடிக்கும் நேரம். சார் இருக்கிறார், பேக்கிங் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், எல்லாரும் இருக்கிறார்கள். இவள் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து நின்று பேசினாள்.

"மேடம், ஒண்ணு சொல்லலாமுங்களா? அந்தப் பக்கத்துல கீழ சின்னதா ஒரு வரி போட்டிருக்குதுங்க. சிப்புக்குக் கரண்ட் வந்திருந்தாத்தான் அந்தக் கால் அஞ்சு வோல்ட்டத் தாங்குமாம். சிப்புக்குச் சொந்தமாக் கரண்ட் இல்லாதப்ப தாங்காதாமுங்க. பட்டறையில டிஸ்ப்ளேவ மட்டும் ஆன் பண்ணி வெச்சிருந்தாங்கன்னா சிப்பு போயிருமுங்களே?"

சார் என்னைப் பார்த்தார். "என்னுங் மேடம், புள்ள என்னமோ சொல்லுது?"

நான் என்ன செய்ய முடியும்? சிரித்தேன். "கோகிலா, டிப்ளமோவில் அடிக்குறிப்பு வரைக்கும் நடத்திவிட்டார்களா?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். அவளும் சிரித்தாள். நான் யாரையும் கடிந்து பேசியதில்லை அம்மா. போர்டுகள் திருப்பூருக்குப் போயின.

சாயப்பட்டறைக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சாப்பாட்டு வேளையில், ஷிஃப்ட் மாறும்போது, மெயினை அணைப்பார்கள். டிஸ்ப்ளேவை மட்டும் அணைக்க மாட்டார்கள். ஏனென்றால் அதன் மூலையில் மணி தெரியும். பட்டறையில் சுவர்க்கடிகாரம் நீராவியில் நின்றுபோகும். அதனால் எல்லாரும் எங்கள் டிஸ்ப்ளேவைப் பார்த்துத்தான் வீட்டுக்குக் கிளம்புவார்கள். அதற்குத் தனியாக ஒரு பிளக் போட்டு வைத்திருந்தார்கள். ஆக, சிப்புக்குச் சொந்தக் கரண்ட் இல்லாதபோது டிஸ்ப்ளேவின் கம்பி வழியாக ஐந்து வோல்ட் உள்ளே போயிருக்கிறது. சிப்பும் பாதி உயிரோடு எழுந்து, பக்கத்து வீட்டு வயரில் வாழ்ந்திருக்கிறது. பச்சை விளக்கு மங்கலாக எரிந்திருக்கிறது. பட்டறை மேனேஜர் பெருமையாகப் போன் செய்தார்: "உங்க போர்டு கரண்ட் இல்லாமயே ஓடுதுங்க, மேடம்." எனக்கும் அன்றைக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு ஒவ்வொன்றாகச் செத்துத் திரும்பி வர ஆரம்பித்தன.

என்ன கேட்டீர்கள்? அவள் சொன்னது சரிதானே என்றா?

அப்படிக் கேட்டால் எப்படி? சொன்னது சரி, சொன்ன இடம் தவறு. முதலாளி முன்னால், பேக்கிங் ஆட்கள் முன்னால் சொல்கிற விஷயமா அது? தனியாக வந்து என்னிடம் சொல்லியிருக்கலாம். முந்தின நாள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்தான், எனக்கு வேலை இருந்தது. அந்த வரியை நான் பார்க்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அடிக்குறிப்பெல்லாம் கடுகைவிடச் சின்ன எழுத்தில் போடுகிறார்கள். யாராவது படிக்க வேண்டும் என்று நினைத்தால் பெரிதாகப் போட்டிருக்க மாட்டார்களா?

போர்டுகள் செத்த காரணம் என்ன என்று சார் கேட்டார். பற்றவைப்பில் குறை என்று சொன்னேன். பற்றவைத்தது கோகிலவாணி. ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? யோசித்துப் பாருங்கள். டிசைன் தவறு என்று வெளியே போனால் கம்பெனியின் பெயர் போகும்; திருப்பூரில் ஒருவன் வாங்க மாட்டான். பற்றவைத்தது தவறு என்றால் ஒரு ஆளின் பெயர்தான் போகும். எது சின்ன நஷ்டம்? அளந்துதான் முடிவு செய்தேன். உங்கள் மில்லில் ஃபியூஸ் வைத்திருக்கிறீர்கள் அல்லவா? அது எதற்கு இருக்கிறது? எரிந்துபோகத்தான். மற்றதெல்லாம் பிழைக்கட்டும் என்று எரிகிறது. ஃபியூஸ் என்று சொன்னால் அவளைத் தாழ்த்திச் சொல்வதாக நினைக்காதீர்கள். அது கௌரவமான வேலை.

நானே அவளை அழைத்துக்கொண்டு திருப்பூருக்குப் போனேன், தனியாக அனுப்பவில்லை. மேனேஜர் அவளை நடுவில் நிற்க வைத்துச் சாயத்தொட்டிக்காரர்கள் முன்னால் பேசினார். "ஏம்மா, கண்ணு தெரியலீன்னா போயி கோழி மேய்க்க வேண்டீதுதான? எதுக்கு இந்த வேலைக்கு வர்றே? உன்னால எத்தனை லோடு துணி வீணாப்போச்சு தெரியுமா?" என்றார். தொட்டிக்காரர்களில் ஒருவன், "சாயத்துல முக்கி எடுத்தாத்தான் இதுக்குக் கலர் வருமுங்க" என்றான். சிரித்தார்கள். எனக்கே சங்கடமாக இருந்தது. கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தேன்.

அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "சாரிங்க சார். என்ற தப்புதானுங்க."

அவ்வளவுதான். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வந்தோம். அவிநாசி தாண்டிய பிறகு, "மேடம், மத்தியானம் நீங்க ஒண்ணும் சாப்பிடலீங்களே, எறங்கி டிபன் சாப்பிடலாமுங்களா?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு அவளைப் பற்றி ஒரு தெளிவு வந்தது. இந்தப் பெண்ணுக்குத் தைரியம் என்பது கிடையாது. தன் மேல் இல்லாத தவற்றை ஒருவன் சுமத்தும்போது எதிர்த்துப் பேசத் தெரியாதவள், நாளைக்கு உங்கள் வீட்டில் எப்படிக் குடும்பம் நடத்துவாள்?

கோர்த்துப் பாருங்கள். பேசக் கூடாத சபையில் பேசுகிறாள். பேச வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொள்கிறாள். தனிக்குடித்தனம் என்றால் ஒருவேளை சமாளித்துவிடுவாள். கூட்டுக் குடும்பத்துக்கு இந்த இரண்டில் ஒன்று இருந்தாலே கஷ்டம்.

அதன் பிறகா? போர்டெல்லாம் சரியாகிவிட்டது. அவளே உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் லெவல் ஷிஃப்டர் வைத்தாள். சிப்புக்குக் கரண்ட் வந்தால்தான் டிஸ்ப்ளே பேச முடியும் என்கிற மாதிரி ஒரு ஏற்பாடும் செய்தாள். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. ஆயுத பூஜையன்று சார் அதற்காக எனக்குச் சால்வை போர்த்தினார். கோகிலவாணிதான் தட்டில் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள். பொறாமைப்படாத பெண், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அதோ, அவளே வருகிறாள். நீங்கள் யார் என்று காட்டிக்கொள்ள வேண்டாம்.

வா கோகிலா. இந்த அம்மா கரூரிலிருந்து வந்திருக்கிறார், புது போர்டு பற்றிக் கேட்க. டீயை இப்படி வை.

"வாங்கம்மா. அந்த மேசையில கை வெச்சிராதீங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்க, பயப்படாதீங்க, அதுகளுக்குத்தான் ஆகாது. சக்கரை போதுமுங்களா? பத்தலீன்னா சொல்லுங்க, ஓடிப்போயி கொண்டாந்தர்றேன். மேடம், அந்த முப்பது போர்டும் பார்த்துட்டனுங்க, எல்லாம் நல்லா இருக்குது. நீங்க கையெழுத்து மட்டும் போட்டாப் போதும். போடற எடத்துல பென்சில்ல புள்ளி வெச்சிருக்கறனுங்க."

சரி, நீ போ.

சிரிக்கிறீர்கள். பிடித்துவிட்டதா? பிடிக்கும். எல்லாருக்கும் முதலில் பிடிக்கும். முன்பின் தெரியாத உங்களிடம் எவ்வளவு பேச்சு, கவனித்தீர்களா? தலையில் பூ வேறு. விசாரிக்க யாராவது வருவார்கள் என்று அவளுக்கு வீட்டில் சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது.

நான் அவளுக்காகத்தான் பேசுகிறேன், புரிந்துகொள்ளுங்கள். உங்கள் வீடு பெரிய வீடு. மில், தோட்டம், ஆட்கள், நாலு பேர் வந்துபோகிற இடம். நானூற்றுப் பதினைந்து வோல்ட். அதற்கு நடுவில் இவளைக் கொண்டுபோய் நேராக இணைத்தால் எவ்வளவு நாள் தாங்குவாள்? இங்கே நடுவில் நான் இருக்கிறேன். என்னைத் தாண்டித்தான் எதுவும் அவளிடம் போகும். அங்கே யார் இருக்கிறார்கள்?

அவளிடமே கேட்டுவிடலாம் என்கிறீர்களா? கேட்டால் ஆசைப்படுகிறேன் என்றுதான் சொல்வாள். போன வாரம் மாப்பிள்ளையின் போட்டோவை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். "மேடம், நீங்க பார்த்துச் சரின்னு சொன்னாத்தான் எனக்குத் திருப்திங்க" என்றாள். நல்ல களை என்று சொன்னேன். முகம் மலர்ந்துபோயிற்று. அம்மாவை ஒரு மாடி வீட்டில் வாடகைக்காவது வைக்க வேண்டும், தனக்கென்று ஒரு சமையலறை வேண்டும், இவ்வளவுதான் அவள் ஆசை. ஆசையை வைத்து முடிவு செய்கிற விஷயமா இது?

ஒரே மகனா? உங்கள் அண்ணனுக்கு வேறு பிள்ளைகளே இல்லையா?

அப்படியென்றால் ஒன்றைச் சொல்லாமல் விடுவது பாவம். பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பற்றவைக்கிற கம்பியில் ஈயம் இருக்கிறது. ஆறு வருடமாக இந்தப் புகை அவள் முகத்துக்கு நேராகத்தான் போகிறது. புகையில் ஈயம் வராது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இங்கே யாரும் அளந்து பார்த்ததில்லை. ஈயம் உடம்பில் சேர்ந்தால் பிள்ளைப்பேறு விஷயத்தில் என்ன ஆகும் என்று நான் படித்திருக்கிறேன், ஆனால் நான் டாக்டர் அல்ல. புகையை இழுக்க விசிறி இருக்கிறது, அதோ மேலே. அந்தச் சத்தம் எனக்குத் தலைவலி கொடுக்கும், அதனால் போடுவதில்லை. அவளும் ஒரு நாள்கூடப் போடச் சொல்லிக் கேட்டதில்லை. ஒருவேளை ஒன்றுமே இருக்காது. வாரிசு என்று வரும்போது உங்கள் அண்ணன் காதில் ஒரு வார்த்தை இருக்கட்டும்.

டீயை வைத்துவிட்டீர்களே. ஆறிப்போகும். வேண்டாமா? சரி.

கிளம்புகிறீர்களா? ஒரே ஒரு வேண்டுகோள். நீங்கள் என்ன முடிவு எடுத்தாலும் என் பெயரோ இந்த இடமோ அதில் வர வேண்டாம். அவள் மனம் தாங்காது. ஜாதகம் என்று சொல்லிவிடுங்கள். பொருத்தம் பார்த்தாயிற்றா? பார்த்தால் என்ன, வேறு ஒரு ஜோசியரிடம் காட்டினோம், ஏதோ தோஷம் இருக்கிறது என்கிறார் என்று சொன்னால் போதும். யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். பொள்ளாச்சிக்காரர்கள் அப்படித்தான் சொன்னார்கள். தாராபுரத்திலிருந்து வந்தவர்களும் அப்படித்தான். அவர்களும் உங்களை மாதிரி நல்ல மனிதர்கள், இதே நாற்காலியில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

அவள் அம்மா பாவம், நம்பிவிட்டார். பெண்ணுக்கு என்னவோ தோஷம் என்று ஊரில் இருக்கிற ஜோசியர்களிடமெல்லாம் கட்டத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறார். யாரோ பரிகாரம் சொல்லியிருக்கிறார்கள். செவ்வாய்தோறும் ராகு காலத்தில் துர்க்கைக்கு எலுமிச்சம்பழ விளக்குப் போட வேண்டுமாம். இவளும் போகிறாள். மத்தியான வேலை கெடுகிறது. இருந்தாலும் தெய்வ காரியம், நான் தடுப்பதில்லை. நாளைக்குச் செவ்வாய். இன்று காலையில் வந்து நின்று, "மேடம், நாளையோட கடைசி வாரமுங்க. ஒரு அரை மணி முன்னாடியே கெளம்பட்டுங்களா?" என்று கேட்டாள்.

போய்விட்டு வா, நன்றாக வேண்டிக்கொள் என்று சொன்னேன்.